ரயிலுக்குக் காத்திருந்த கடிகாரம்

போன வாரம் ஆபீசிலிருந்து நீங்கள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். "மேடம், வேலை நேரத்தை அவரவர் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள ஒரு விதிமுறை எழுதப்போகிறோம், பழைய ஆள் நீங்கள், ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். காப்பி குடித்தீர்கள், முறுக்கைக் காலி செய்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் கைப்பேசி மாற்றி ஒருவர் கைப்பேசி அடித்து, எழுந்து போய்விட்டீர்கள். அதனால் எழுதியே அனுப்புகிறேன். படிக்கும்போதும் நீங்கள் எழுந்து போகலாம். ஆனால் அதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பணியாளர் பிரிவின் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்றுதான் என்னை உங்களுக்குத் தெரியும். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது டைப்பிஸ்டாக. அறுபதுகளின் நடுவில், கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் கம்பெனி. பெயர் வேண்டாம், முதலாளியின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராது. தள்ளிப் போய்க் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கடலைப் புண்ணாக்கு மூட்டைகளைப் படகில் அடுக்கி, முகத்துவாரத்தைத் தாண்டி, கப்பலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அதற்கு வேண்டிய தாள்களைத் தயார் செய்து சுங்க அலுவலகத்தில் முத்திரை வாங்குவது எங்கள் கம்பெனியின் வேலை. தாள்களை டைப் அடிப்பது என் வேலை. அந்த ஆபீசில் கால் வைத்த முதல் பெண் நான்தான். முதல் ஒரு மாதம் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லோரும் இருமிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பியூன் நாகமுத்து "டைப்பம்மா" என்று ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது.

நாகமுத்து சோனாங்குப்பத்து மீனவர் வீட்டுக்காரர். அண்ணன் தம்பிகள் கடலுக்குப் போக, இவர் ஒருவர் மட்டும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தவர். எங்கள் ஹெட்கிளார்க், முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அதே நாற்காலியில் இருந்தவர். இந்த இருவரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீடு சிதம்பரத்தில். அம்மா இல்லை. அப்பா கீழவீதியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தவர், பாரிசவாயு வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் தங்கையும் நானும் சேர்ந்துதான் அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, நான் இட்லி ஊட்டிவிட்டுக் கிளம்புவேன். தங்கை பள்ளிக்கூடம் போவாள். அவள் மாலையில் திரும்பி வரும்வரை பக்கத்து வீட்டு அக்கா ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். விடியற்காலை வண்டி ஒன்று உண்டு. ஆனால் அதற்குப் போனால் அப்பா நனைந்த படுக்கையிலேயே கிடக்க வேண்டியதுதான். அதனால் அடுத்த பாசஞ்சர்தான் எனக்கு.

அந்தப் பாசஞ்சர் சரியாகப் போனால் நானும் பத்து மணி ஆபீசுக்குச் சரியாகப் போய்விடலாம். சரியாகப் போனால்! பரங்கிப்பேட்டையில் மீன் கூடை ஏற்றி முடிக்கும்வரை நிற்கும். புதுச்சத்திரத்தில் எதிர்வண்டிக்காக நிற்கும். ஆலப்பாக்கத்தில் எதற்கு நிற்கிறது என்று வண்டி ஓட்டுபவருக்கே தெரியாது. கடலூர் ஜங்ஷனில் இறங்கியதும் நான் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டேன். பார்த்தால் கால் ஓடாது. தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவேன்.

முதலில் இதெல்லாம் பெரிய விஷயமாக இல்லை. ஏனென்றால் அப்போது பர்மிஷன் இருந்தது. அந்தச் சொல்லை நம் ஊர் ஆபீஸ்காரர்கள் மாதிரி வேறு யாரும் பயன்படுத்துவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நமக்கு அது அனுமதி இல்லை, ஒரு நேர அளவு. "இன்னிக்கு ஒரு பர்மிஷன்" என்றால் ஒரு மணி நேரம். ஹெட்கிளார்க் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துத் தலையை ஆட்டினால் பர்மிஷன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். சில நாள் நான் கேட்பதற்கு முன்பே, என் முகத்தில் வழியும் வேர்வையைப் பார்த்தே ஆட்டிவிடுவார்.

அப்புறம் மெட்ராஸிலிருந்து புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். குடும்பத்தை மெட்ராஸில் விட்டுவிட்டு ஆபீஸ் மாடியிலேயே தங்கினார். வந்த முதல் திங்கட்கிழமை எங்களை நிற்க வைத்து, சுவரில் தொங்கிய பெரிய பெண்டுல கடிகாரத்தைக் காட்டினார்.

"இனிமே பர்மிஷன் கிடையாது. மூணு லேட்டுன்னா ஒரு நாள் லீவு கட். என் வாட்ச்ல இப்படி, உங்க வாட்ச்ல அப்படின்னு யாரும் ஆர்க்யூ பண்ணக் கூடாது. இந்தக் கடிகாரம் என்ன காட்டுதோ, அதுதான் இந்த ஆபீசுக்கு நேரம்!"

ஹெட்கிளார்க் மிகவும் பணிவாக, "அப்படியே சார்" என்றார். அவர் அந்த வாக்கியத்தை எவ்வளவு பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

மேனேஜர் மாடியிலிருந்து இறங்குவதற்கும் கணக்கு உண்டு. கடிகாரம் பத்து அடித்ததும் படியில் அவருடைய ஷூ சத்தம் கேட்கும். இறங்கியதும் யார் நாற்காலி காலியாக இருக்கிறதோ அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு. முதல் மூன்று வாரத்தில் என் பெயருக்கு நேரே விழுந்த சிவப்பைப் பார்த்தால் யாரோ வெற்றிலை போட்டுத் துப்பியது போல இருந்தது. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, புரபேஷன். ஒரு நாள் அறைக்குக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"மிஸ் வசந்தா, உங்க டைப்பிங் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆனா இன்னொரு லேட் விழுந்தா உங்களைக் கன்ஃபர்ம் பண்ண முடியாது. எனக்கும் மேல பதில் சொல்லணும்."

அன்றைக்கு ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் கேட்டதற்கு, கண்ணில் கரி விழுந்துவிட்டது என்றேன். அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அதைவிட, வேலை ஏன் போனது என்று அப்பா கேட்டால் என்ன பதில் சொல்வேன்? உங்களை உட்கார வைத்து ஊட்டியதால் போனது என்றா?

ஆனால் அதற்கப்புறம் நான் லேட்டாகவே இல்லை.

சிரிக்காதீர்கள். உண்மையாகவே ஒரு நாள்கூட இல்லை. வண்டி எங்கே எவ்வளவு நின்றாலும், நான் ஓடி வந்து ஆபீஸ் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், கடிகாரத்தில் பத்தாக இன்னும் பத்து நிமிடம் இருக்கும். எனக்கு என் கால்களைப் பற்றிப் பெரிய கர்வம் வந்துவிட்டது. நாளுக்கு நாள் என் வேகம் கூடுகிறது என்று நம்பினேன். தங்கையிடம் பெருமை அடித்தேன். "வண்டி லேட்டானா என்ன, ஜங்ஷன்லேருந்து நான் நடக்கிற நடையில எல்லாத்தையும் புடிச்சிடறேன்" என்று புடவையைக் கொஞ்சம் தூக்கி நடந்துகூடக் காட்டினேன்.

நாகமுத்து தினமும் வாசற்படியில் நின்று தெரு மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்புவது தெரிந்ததும் விழுந்தடித்து உள்ளே ஓடுவார். எனக்குத் தண்ணீர் எடுத்து வைக்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோவேன். தண்ணீர் ஒரு நாளும் வந்ததில்லை. அது ஏன் எனக்கு உறைக்கவில்லை என்று கேட்காதீர்கள். நல்லது நடக்கும்போது யார் ஆராய்ச்சி செய்கிறார்கள்?

மேனேஜருக்கும் மகிழ்ச்சி. "பாத்தீங்களா? டிசிப்ளின்னு ஒண்ணு வந்தா எல்லாம் தானா வரும். மிஸ் வசந்தாவைப் பாத்துக் கத்துக்கங்க" என்று மற்றவர்களிடம் சொல்வார். ஹெட்கிளார்க்குக்கு உடனே இருமல் வந்துவிடும்.

மேனேஜருக்கு இருந்த ஒரே கவலை அவருடைய கைக்கடிகாரம்தான். வெளிநாட்டுச் சரக்கு, மாமனார் கொடுத்தது. கடலூருக்கு வந்ததிலிருந்து காலையில் வேகமாக ஓடுகிறது, மத்தியானம் தானாகச் சரியாகிவிடுகிறது என்று புலம்புவார். கடைத்தெருவில் இருந்த ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி கொண்டுபோனார். "ஒடம்புச் சூடு சார் ஒங்களுக்கு. காலைல ஜாஸ்தியா இருக்கும். எண்ணெ தேச்சுக் குளிங்க" என்று அவர் சொல்லி அனுப்ப, மேனேஜர் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். இன்னொன்றும் சொல்வார். "இந்த ஊர்க் காத்துல நல்லாத் தூக்கம் வருதுய்யா. மெட்ராஸ்ல காலைல இவ்வளவு நேரம் எனக்குக் கிடைச்சதே இல்ல."

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். எங்கள் கப்பல் ஒன்று கடலில் நின்றுகொண்டிருந்தது. சரக்கெல்லாம் ஏறிவிட்டது. முத்திரை போட்ட தாள்கள் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. போகாவிட்டால் காப்டன் நங்கூரம் எடுக்க மாட்டார், காற்றிலும் அலையிலும் கப்பல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். படகுக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். மத்தியானத்துக்கு மேல் முகத்துவாரத்தைத் தாண்ட முடியாது, பன்னிரண்டரைக்குள் தாள் கைக்கு வந்தால் போகிறோம், இல்லையென்றால் இல்லை. சுங்க அலுவலகத்தின் ஜன்னலும் சாப்பாட்டுக்காக அந்த நேரத்தில்தான் மூடும்.

மேனேஜர் வழக்கமாகப் பதினொரு மணிவாக்கில் துறைமுகத்துக்குப் போய்விடுவார். அன்று போகவில்லை. ஹெட்கிளார்க்கின் மேசைக்கு எதிரே, கடிகாரத்துக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கை மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கைக்கடிகாரம் மறுபடியும் ரிப்பேருக்குப் போயிருந்தது.

"மிஸ் வசந்தா, அவசரமே வேணாம். நேரம் நிறைய இருக்கு. ஒரு எழுத்துகூடத் தப்பு வராம நிதானமா அடிங்க."

"சீக்கிரம் அடிம்மா" என்றார் ஹெட்கிளார்க்.

"அதான் நேரம் இருக்கேய்யா. ஏன் அந்தப் பொண்ணை வெரட்டுறீங்க?"

"இருந்தாலும் சார்..." என்று ஹெட்கிளார்க் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெளியே குளிர்ந்த காற்று அடிக்கிறது, இவருக்கு வேர்க்கிறது. நாகமுத்து இரண்டு மூன்று முறை வந்தார். "சார், மாடியில ஜன்னலு தொறந்து கெடக்குது, மழ அடிக்கும், ஒரு எட்டுப் போய்ப் பாருங்க." மேனேஜர் அசையவில்லை. "சார், சூடா காப்பி வாங்கியாந்து மேல வெச்சிருக்கேன்." அதற்கும் அசையவில்லை. இவர்களுக்கு இன்று என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே நான் பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முனிசிபாலிட்டி சங்கு ஊதியது.

ஊருக்கெல்லாம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஊதுகிற சங்கு. எங்கள் கடிகாரத்தில் பதினொன்றே கால்கூட ஆகவில்லை.

மேனேஜர் நிமிர்ந்தார். "என்னய்யா இப்பவே சங்கு ஊதுது?"

"எங்கியோ சாவு போலக்குது சார்" என்றார் நாகமுத்து.

"சாவுக்கு முனிசிபாலிட்டியில மோட்டார் போட்டு ஊதுவாங்களா?"

ஹெட்கிளார்க் எழுந்தே நின்றுவிட்டார். "முனிசிபாலிட்டி கடிகாரம் வேகமா ஓடியிருக்கும் சார். கடற்காத்து."

இதில் கொடுமை என்னவென்றால், மேனேஜர் அதை நம்பத் தொடங்கிவிட்டார். "அதான் பாத்தேன். என் வாட்ச் மாதிரியே" என்று தலையை ஆட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் மூன்றையும் பார்த்தேன். சுவரில் கடிகாரம். ஹெட்கிளார்க்கின் முகம். வாசற்படியில் நின்ற நாகமுத்து. அன்று காலை புதுச்சத்திரத்தில் வண்டி நின்றதை நினைத்தேன். இறங்கிப் பிளாட்பாரத்தில் உலாத்தி, டீ குடித்துவிட்டுத் திரும்பி ஏறினார்கள் ஜனங்கள், அவ்வளவு நேரம். அப்படியும் நான் வந்தபோது பத்தாகப் பத்து நிமிடம். தினமும் அதே பத்து நிமிடம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கர்வப்பட்ட கால்களை மேசைக்கடியில் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். ஆபீஸ் முழுக்கச் சேர்ந்து என்மேல் பாவப்பட்டிருக்கிறது, நான் அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வீட்டில் நடந்து காட்டியிருக்கிறேன். அடுத்து வந்தது பயம். வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பேசாமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கப்பல் மாட்டிக்கொண்டால் அது முனிசிபாலிட்டியின் குற்றம், இல்லை கடிகாரத்தின் குற்றம். மேனேஜருக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வரும், எனக்கு இல்லை. இவ்வளவும் யோசிக்க சங்கு ஊதி ஓய்கிற நேரம்தான் இருந்தது. நியாயமாக நடக்க வேண்டும் என்று நான் ஏதோ தீர்மானம் செய்ததாக நினைக்காதீர்கள். வெளியே அந்தப் படகில் நாகமுத்துவின் அண்ணன்தான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நேரம் போகப் போக அலை ஏறும், அந்த முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டியவர் அவர். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"முனிசிபாலிட்டி சரி சார். நம்ம கடிகாரம்தான் தப்பு. மணி பன்னிரண்டு. நான் இன்னிக்கு லேட்டு சார். தினமும் லேட்டாத்தான் வந்திருக்கேன் போல. அதை அப்புறம் பேசிக்கலாம். இன்னும் ரெண்டு தாள் பாக்கி இருக்கு, இங்க உக்காந்து அடிச்சா ஜன்னல் மூடிடுவாங்க."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், ஹெட்கிளார்க்கைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எல்லாம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் அந்த மனிதரை நான் இன்றைக்கும் மதிப்பது அடுத்து அவர் கேட்ட கேள்விக்காகத்தான்.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"மிஷினை அங்க தூக்கிட்டுப் போயிடலாம் சார். இங்கதான் அடிக்கணும்னு ஒண்ணும் இல்லியே."

நாகமுத்து டைப்ரைட்டரைத் தூக்கி சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார். அது இப்போதைய மெல்லிய பெட்டி இல்லை, இரும்பு. அவர் சைக்கிளைத் தள்ள, ஹெட்கிளார்க் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டைப்ரைட்டருக்குக் குடை பிடிக்க, நான் தாள்களை முந்தானைக்குள் சுற்றி அணைத்துக்கொண்டு ஓட, மேனேஜர் ஷூவும் டையுமாகத் தூறலில் பின்னால் ஓடி வந்தார். தெருவில் போன மீன்காரப் பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னாடி இது, ஊர்வலம் போறாங்கோ!" என்று கூவியது இன்னும் காதில் இருக்கிறது.

சுங்க அலுவலகத்தில் ஜன்னலுக்குள் இருந்தவர் அடுக்கு கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். வராந்தாவில் புண்ணாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. டைப்ரைட்டரை அவற்றின்மேல் ஏற்றி வைத்து, நின்றுகொண்டே அடிக்க ஆரம்பித்தேன். மூட்டை அமுங்க அமுங்க மிஷின் சாய்ந்துகொண்டே போனது. நாகமுத்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

"இது இன்னா கூத்து? ஜன்னல மூடற நேரமாச்சே!" என்றார் உள்ளே இருந்தவர்.

மேனேஜர் கை கூப்பினார். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. அந்த மனிதர் எங்கள் நான்கு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அடிம்மா, அடி. சோறு எங்கியும் ஓடிடாது" என்று கேரியரை மூடி வைத்தார்.

முத்திரை விழுந்த தாள்களை நாகமுத்து வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் பறந்தார். படகு போனது, திரும்பியது. மாலைக்குள் கப்பல் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது.

ஆபீசுக்குத் திரும்பி, நனைந்த சட்டையோடு மேனேஜர் விசாரணையை ஆரம்பித்தார். "யார் பண்ண வேலை இது?"

"நான்தான் சார்" என்றார் நாகமுத்து. "வேற ஒண்ணும் பண்ணல சார். பெண்டுலத்த வெரலால லேசாப் புடிச்சு நிறுத்திடுவேன். டைப்பம்மா மூலைல திரும்புனதும் ஓடியாந்து ஆட்டி வுட்டுடுவேன். நீங்க துறைமுகத்துக்குப் போனதும் முள்ளத் தள்ளி வெச்சிடுவேன். மத்தியானச் சங்குக்குள்ள கரெக்டா ஆயிடும்."

"செய்யச் சொன்னது நான் சார்" என்றார் ஹெட்கிளார்க்.

"நீங்களா? நீங்க இந்த ஆபீசுல எவ்வளவு சீனியர்!"

"நீங்கதானே சார் சொன்னீங்க, இந்தக் கடிகாரம் என்ன காட்டுதோ அதுதான் ஆபீசுக்கு நேரம்னு. நாங்க அதுலேருந்து ஒரு இம்மியும் மாறலியே."

மேனேஜர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "அப்ப நான் தினமும் எத்தனை மணிக்கு மாடியிலேருந்து இறங்கியிருக்கேன்?" என்று கேட்டார்.

"கம்பெனி நேரப்படி கரெக்டா பத்து மணிக்கு சார்" என்றார் ஹெட்கிளார்க்.

"ஊர் நேரப்படி பத்தர, பத்தே முக்கா இருக்கும் சார்" என்றார் நாகமுத்து. அவருக்குப் பொய் சொல்வதில் அன்றைக்குச் சலிப்பு வந்திருக்க வேண்டும்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் வாட்ச்! எண்ணெ தேச்சுக் குளிச்சேனேய்யா!" என்றார். நாகமுத்து சிரிப்பை அடக்க வெளியே ஓடினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் விஷயம் அப்படியே நடுவில் நின்றது. நானே பேசினேன்.

"சார், வண்டி என் கையில இல்ல. எங்கப்பாவை அப்படியே போட்டுட்டு விடியக்காலை வண்டிக்கு வரவும் முடியாது. நான் எத்தனை மணிக்கு வர்றேனோ அதை உள்ளபடி எழுதுங்க. அதுலேருந்து முழு நேரமும் வேலை செஞ்சுட்டுக் கடைசி வண்டில போறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற இடம் பாத்துக்கறேன். ஆனா எனக்காக யாரும் பெண்டுலத்தைப் பிடிக்க வேணாம்."

கடைசி வாக்கியத்தை ஹெட்கிளார்க்கைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் முகம் வாடியது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

"ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்களே" என்றார் மேனேஜர்.

"கேக்கட்டுமே சார். கேட்டாத்தானே யாருக்கு என்ன கஷ்டம்னு தெரியும்?" என்றார் ஹெட்கிளார்க்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று மேனேஜர் மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் மழையில் வண்டி ஊர்ந்து வந்தது. நான் ஓடவில்லை. ஓடி என்ன ஆகப்போகிறது? உள்ளே நுழைந்தபோது கடிகாரம் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. பல நாளுக்கு அப்புறம் அது உண்மையைச் சொன்னது. மேனேஜர் எல்லோருக்கும் முன்பே வந்து கீழே உட்கார்ந்திருந்தார். கையில் பேனா. நான் பார்த்தது பேனாவின் நிறத்தைத்தான். நீலம்.

"இப்ப மணி என்ன மிஸ் வசந்தா?"

நான் கடிகாரத்தைப் பார்த்து உள்ளபடி சொன்னேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். "சாயங்காலம் எல்லாரும் கிளம்பினப்புறம்தான் கப்பல்லேருந்து தகவல் வருது, தந்தி வருது. அடிக்க ஆள் இல்லாம ராத்திரி நானே ரெண்டு விரலால குத்திட்டிருக்கேன். நீங்க கடைசி வண்டி வரைக்கும் இருந்தா எனக்குத்தான் லாபம். ஹெட்கிளார்க்கும் இருப்பார். எந்த வண்டியில வேணா வாங்க, வேலை நேரம் முழுசா இருந்தாச் சரி." இதையெல்லாம் கடுகடுவென்ற முகத்தோடு சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது, "கன்ஃபர்மேஷன் ஆர்டரை நீங்களே அடிச்சுக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார். அந்த ஒரு தாளில் நான் செய்த எழுத்துப் பிழைகளை என் வாழ்நாளில் வேறு எதிலும் செய்ததில்லை.

அவர் பயந்தபடியே மற்றவர்களும் கேட்டார்கள். வலை இழுக்கிற பருவத்தில் காலையில் கொஞ்சம் தாமதமாக வருகிறேன் என்றார் நாகமுத்து. இன்னொருவர் மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறேன் என்றார். கொடுத்தார்கள். ஆபீஸ் இடிந்து விழவில்லை. ஒரே ஒருவர் மட்டும் காரணமே சொல்லாமல் தினமும் சீக்கிரம் போக வேண்டும் என்றார். அவருக்குக் கிடைக்கவில்லை. சினிமா என்று எல்லோருக்கும் தெரியும்.

பின்னாளில் நானே பணியாளர் பிரிவில் உட்கார்ந்தபோது, எந்த ஆபீசில் எல்லோரும் எப்போதும் சரியான நேரத்துக்கு வருகிறார்களோ அங்கே முதலில் பெண்டுலத்தை யார் பிடிக்கிறார்கள் என்று தேடுவேன். யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவது, உங்கள் காலத்தில் இன்னொருவரின் கணினியைத் திறந்து வைப்பது, எல்லாம் அதுதான். அவர்கள் மோசடிக்காரர்கள் இல்லை, பெரும்பாலும் நல்லவர்கள். ஆனால் அந்த உதவி, அதை வாங்குகிறவரைச் சின்னவராக்கிவிடுகிறது, சங்கு ஊதும் நாளில் எல்லோரையும் மாட்டிவிடுகிறது. கொடுக்க வேண்டியதை வெளிச்சத்தில், விதியாகவே கொடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதப்போகும் தாளுக்கு என் ஆலோசனை இவ்வளவுதான். அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. அதை எந்த விதிமுறையிலும் எழுத முடியாது, ஆனால் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

வேலை நிரந்தரமான செய்தியை அன்றைக்கே வீட்டில் சொன்னேன். எந்த வண்டியில் வேண்டுமானாலும் போகலாம் என்பதையும் சொன்னேன். தங்கை குதித்தாள். அப்பா இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை வழக்கம்போல அவரை உட்கார வைத்து, இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து ஊட்டினேன். மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"சட்னில உப்பு ஜாஸ்தி" என்றார் குழறலாக.

"இன்னிக்கு மட்டுமா?"

"எப்பவுமே ஜாஸ்திதான்."

"அப்புறம் ஏன்பா இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா நீ வேற அரைக்கப் போயிடுவே. ஒனக்கு நேரமாயிடுமே."

நான் எழுந்துபோய், தேங்காய் உடைத்து, உப்பைக் குறைத்துப் போட்டு, அம்மியில் புதிதாக அரைத்துக்கொண்டு வந்தேன். அப்பா இரண்டு இட்லி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு என் பாசஞ்சரை விட்டுவிட்டு, அதற்கடுத்த வண்டியில்தான் போனேன்.